டாரட் படத்தை டாட்டூவாகக் குத்திக்கொள்ளலாமா? தர்மபுரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் டாட்டூ கடைகளுக்கு டிசைன் வரைந்து கொடுப்பது என் வேலை. ஊசி பிடிப்பவர்கள் வேறு. கல்லூரிப் பிள்ளைகள், ஓசூர் கம்பெனிகளில் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள், பெங்களூரிலிருந்து சனிக்கிழமை பஸ் ஏறி ஊருக்கு வருகிறவர்கள் எனப் பலரும் செல்போனில் ஒரு டாரட் படத்தைக் காட்டி, "இது வேணும், ஆனா ஒரு சந்தேகம்" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அந்தச் சந்தேகங்களை அவர்கள் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன்.

"டாரட்னா என்ன அக்கா? நம்ம கிளி ஜோசியம் மாதிரியா?"

கிளி ஜோசியத்தில் கிளி கூண்டை விட்டு வந்து ஓர் அட்டையைக் கொத்தி எடுக்கும். அதில் முருகனோ மீனாட்சியோ இருப்பார்கள், ஜோசியர் பலன் சொல்வார். டாரட்டில் கிளியின் வேலையை நீங்களே செய்கிறீர்கள். ஒற்றுமை அவ்வளவுதான்.

ஒரு டாரட் சீட்டுக்கட்டில் 78 கார்டுகள். 22 பெரிய கார்டுகள்: ஃபூல், மேஜிஷியன், லவ்வர்ஸ், டெத், டவர், ஸ்டார், மூன், சன் என்று நீங்கள் இன்ஸ்டாவில் பார்ப்பவை. மீதி 56 கார்டுகள் கோப்பை, வாள், கோல், காசு என நான்கு வகை, வகைக்கு 14. பிறந்த இடம் 15ஆம் நூற்றாண்டின் வட இத்தாலி. மிலன் பிரபுக்கள் வீட்டில் தங்கத் தகடு ஒட்டி வரைந்த கட்டுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவர்கள் அதை வைத்துச் சீட்டு ஆடினார்கள், அவ்வளவுதான். குறி பார்ப்பது பரவியது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரான்சில். 1781இல் கூர் து ஜெபலான் என்பவர் இது பழைய எகிப்தின் ஞானம் என்று எழுதிவைத்தார். எகிப்திய எழுத்தை அப்போது உலகத்தில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது, அதற்கு வழி பிறந்ததே 1822இல்தான். ஆனாலும் அந்தக் கதை ஒட்டிக்கொண்டது.

"எல்லாரும் போடுற படம் ஒரே மாதிரி இருக்கே, அதை யார் வரைஞ்சது?"

பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். 1878இல் லண்டனில் பிறந்தவர், சிறு வயதில் சில காலம் ஜமைக்காவில் வளர்ந்தவர். ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்பவர் யோசனை சொல்ல, இவர் வரைந்து 1909இல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்டது. அதற்கு முன் பெரும்பாலான கட்டுகளில் சின்ன கார்டுகளில் வெறும் ஐந்து கோப்பை, ஆறு வாள் என்று எண்ணிக்கைதான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காட்சி வரைந்தது இவர் கை. பெரிய வேலை, காசோ மிகக் குறைவு என்று தன் கடிதம் ஒன்றில் நொந்துகொண்டிருக்கிறார். படம் வரைந்து பிழைக்கும் எங்களுக்கு அந்த வரி நன்றாகவே புரியும். கட்டுக்குப் பெயரும் பதிப்பாளர், யோசனை சொன்னவர் பெயரில்தான் நெடுநாள் ஓடியது.

அவர் 1951இல் இறந்தார். இந்தியச் சட்டப்படி படைப்பாளி இறந்து 60 ஆண்டு வரை காப்புரிமை, அது முடிந்துவிட்டது. ஆகவே 1909 படங்களை யாரும் தாராளமாக வரையலாம். இப்போது புதிதாக வருகிற கட்டுகள் அப்படியல்ல. உயிரோடு இருக்கும் ஓர் ஓவியரின் கார்டை நீங்கள் கொண்டுவந்தால், அதை அப்படியே நகலெடுக்க மாட்டேன். அதிலிருந்து ஒரு யோசனையை எடுத்துக்கொண்டு வேறாக வரைவேன்.

"இதைக் குத்துனா ஏதாவது ஆகிடுமா? செய்வினை கிய்வினை...?"

ஆகாது. முதல் பதிலில் சொன்னதுதான், சீட்டாட்டத்துக்கு வரைந்த படம். மையும் தோலும் தவிர அங்கே வேறு எதுவும் இல்லை. உங்களுக்கு மனதில் பயம் இருந்தால் மட்டும் போடாதீர்கள். பயந்துகொண்டே போட்டவருக்கு அடுத்த மாதம் வண்டி பங்ச்சர் ஆனாலும் கை மேல்தான் சந்தேகம் வரும்.

"எங்க ஆயா பச்சை குத்தியிருக்காங்க. அவங்களே என்னைத் திட்டறாங்க. இது என்ன நியாயம்?"

உங்கள் ஆயா கையில் இருப்பதைக் குத்தியவர் பெரும்பாலும் ஊர் ஊராக வந்த குறவர் பெண்மணியாக இருப்பார். மஞ்சளும் அகத்தி இலையும் அரைத்துத் துணியில் தடவி, அதைத் திரியாக்கி விளக்கெரித்து, அந்தக் கரியைத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்துக் குத்துவார்கள். முன்கையில் புள்ளிக்கோலம், தேள், அண்ணன் தம்பி பெயர். செத்தாலும் கூட வருகிற நகை அது ஒன்றுதான் என்று எங்கள் பக்கத்துப் பாட்டிகள் சொல்வார்கள்.

ஆயா திட்டுவது குத்தியதற்காக இருக்காது, படத்துக்காக இருக்கும். அவர் காலத்தில் எல்லோர் கையிலும் இருந்த கோலம் அவருக்கு விளங்கும், எலும்புக்கூடு விளங்காது. உட்கார்ந்து அந்தப் படத்தின் கதையைச் சொல்லிப் பாருங்கள். ஆயாவுக்கே சொல்லிப் புரியவைக்க முடியாத படம் என்றால் வேறு படம் பார்க்கலாம்.

"டெத் கார்டு போடலாமா? அதுக்கு நல்ல அர்த்தம்தான்னு போட்டிருந்துச்சு"

அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். 13ஆம் எண். கறுப்புக் கவசம் போட்ட எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வருகிறது, கையில் கறுப்புக் கொடி, கொடியில் வெள்ளை ரோஜா. குதிரையின் காலடியில் ராஜா விழுந்துகிடக்கிறார். பாதிரியார் கைகூப்பி நிற்கிறார். ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஒரு குழந்தை மட்டும் பயமில்லாமல் நிமிர்ந்து பார்க்கிறது. தூரத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன். ஒரு கட்டம் முடிகிறது, அடுத்தது தொடங்குகிறது என்பது டாரட்காரர்கள் சொல்லும் பொருள். படமும் அதற்குத் துணை நிற்கிறது.

சிக்கல் என்னவென்றால், இந்தப் பொருள் புத்தகத்தில் இருக்கிறது, உங்கள் கையில் இருக்காது. பென்னாகரம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிவது ஓர் எலும்புக்கூடு. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் தாய்மாமனுக்குத் தெரிவதும் அதே எலும்புக்கூடுதான். ஒவ்வொருவரிடமும் "இல்லைங்க, இதுக்கு நல்ல அர்த்தம்" என்று விளக்கிக்கொண்டிருக்கத் தயாரா என்று கேட்பேன். தயார் என்று சிரித்தபடி சொல்பவர்களுக்கு மகிழ்ச்சியோடு வரைந்து தருகிறேன். அந்தக் குதிரையை வரைவது தனி சுகம்.

தயங்குகிறவர்களுக்கு என் யோசனை: எலும்புக்கூட்டை விட்டுவிடுங்கள். இரண்டு கோபுரமும் நடுவில் எழும் சூரியனும் மட்டும் போதும், அல்லது கொடியும் ரோஜாவும். தெரிந்தவர் கண்டுபிடிப்பார், தெரியாதவருக்கு அது ஒரு சூரிய உதயம். அப்பா இறந்த வருடம் போட வந்த ஒருவர் நிமிர்ந்து பார்க்கும் அந்தக் குழந்தையை மட்டும் கேட்டார். முழு கார்டையும்விட அது பேசியது.

"தலைகீழா தொங்குற ஆளு படம் ஸ்டைலா இருக்கே?"

ஹேங்டு மேன், 12ஆம் கார்டு. கூர்ந்து பார்த்தால் அவன் ஒரு காலில்தான் கட்டுண்டிருக்கிறான். முகம் அமைதியாக இருக்கிறது, தலையைச் சுற்றி ஒளிவட்டம். பொறுத்திரு, வேறு கோணத்தில் பார் என்பது பொருள். ஆனால் பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்குத் தொங்குகிற ஆள்தான் தெரியும். வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவரை இழந்தவர்கள் இருந்தால், இந்தப் படத்தை நாள்தோறும் அவர்கள் கண்ணில் காட்டாதீர்கள். இந்த ஒன்றில் மட்டும் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே பேசுவேன்.

"முழு கார்டையும் அப்படியே முன்கையில போட முடியுமா?"

முடியும், பெரிதாகப் போட்டால். 1909 கட்டின் கார்டு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் உயரம். அதே அளவில் தோலில் போட்டால் மூன் கார்டில் குளத்திலிருந்து ஏறிவரும் நண்டு போன்ற அந்தச் சின்ன உயிரின் கால்கள் சில வருடத்தில் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். மை தோலுக்குள் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் உட்காருகிறது, வருடங்கள் போகப் போக ஒவ்வொரு கோடும் கொஞ்சம் தடிக்கும். நெருக்கமான இரண்டு கோடு ஒன்றாகும். குட்டி எழுத்தின் உள் ஓட்டை அடைபடும். இன்ஸ்டா படங்கள் எல்லாம் குத்திய அன்று எடுத்தவை என்பதை மறக்காதீர்கள். கடைக்காரரிடம் ஐந்து வருடம் பழைய வேலையின் போட்டோவைக் கேளுங்கள்.

அடுத்தது சட்டம், அதாவது கார்டைச் சுற்றி வரும் நாலு கோடு. உள்ளங்கையை மேலே வைத்து முன்கையைப் பாருங்கள். இப்போது அப்படியே கவிழ்த்துப் பாருங்கள். மணிக்கட்டுப் பக்கத் தோல் நன்றாகத் திரும்புகிறது, முழங்கைப் பக்கம் அவ்வளவாகத் திரும்பாது. மேஜையில் கையை நீட்டி ஸ்டென்சில் (படத்தின் கோடுகளைத் தோலில் பதிக்கும் நகல் தாள்) ஒட்டினால் நேராக இருக்கும் செவ்வகம், எழுந்து நின்று கையைத் தொங்கவிட்டதும் முறுக்கிக்கொள்ளும். ஆகவே நிற்கவைத்து ஒட்டச் சொல்லுங்கள், கண்ணாடியில் பாருங்கள், கோணலாக இருந்தால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். அதற்குச் சலித்துக்கொள்ளும் கடையில் உட்காராதீர்கள். சட்டம் அவசியம் வேண்டும் என்பவர்களுக்குத் தொடை, முதுகு, கெண்டைக்கால் நல்ல இடம். சட்டமே இல்லாமல் போடுவது இன்னும் நல்லது.

"என் கலருக்கு மஞ்சள், வெள்ளை எல்லாம் எடுக்குமா?"

மை தோலின் மேல் பூசப்படுவதில்லை, தோலுக்குக் கீழே இருக்கிறது. நம் மாநிறத்தின் வழியாகத்தான் அது தெரியும். வெள்ளையும் வெளிர்மஞ்சளும் சில மாதத்தில் மங்கிப் பழுப்பாகும். சன் கார்டின் பின்னணி முழுக்க மஞ்சள் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: கறுப்புக் கோடும் புள்ளி நிழலும் போடுங்கள், சூரியனின் வெளிச்சத்தை உங்கள் தோலே காட்டட்டும். நம் தோலில் கறுப்பு அழகாக நிற்கும். சிவப்பு ஓரளவு எடுக்கும், ஆனால் மை ஒத்துக்கொள்ளாமல் அரிப்பு, தடிப்பு வருவது சிவப்பில்தான் அதிகம். ஒரு புள்ளி குத்திச் சில வாரம் பார்த்துவிட்டு மீதியைப் போடலாம்.

"நம்ம ஊர் மாதிரி மாத்தி வரைஞ்சு தருவீங்களா?"

இதைக் கேட்டால் எனக்குச் சம்பளமே வேண்டாம் என்று தோன்றும் (வேண்டும்தான்). இத்தாலிக்காரர்கள் அவர்கள் ஊர் ராஜாவையும் ராணியையும் வரைந்தார்கள். நாம் ஏன் அவர்கள் அங்கியையே வரைய வேண்டும்?

வாள் வகையில் ஆறாம் கார்டைப் பாருங்கள். ஒருவன் படகு தள்ளுகிறான், போர்த்திக்கொண்ட பெண்ணும் குழந்தையும் உட்கார்ந்திருக்கிறார்கள், படகில் ஆறு வாள் குத்திநிற்கிறது. துன்பத்தைச் சுமந்துகொண்டு அக்கரைக்குப் போவது. இதை ஒகேனக்கல் பரிசலாக வரைந்தால் வட்டப் பரிசல், துடுப்பு, இரண்டு பக்கமும் கரும்பாறை, எல்லாமே கோட்டில் அழகாக வரும். எம்பிரஸ் கார்டில் ராணியின் முன்னால் கோதுமை விளைந்திருக்கும். அங்கே ராகிக் கதிர் போடுவேன். விரல் மடக்கிய மாதிரி இருக்கும் அந்தக் கதிரைத் தர்மபுரிக்காரர் யாரும் வேறொன்றாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கோப்பை வகையின் முதல் கார்டில் மேகத்திலிருந்து ஒரு கை நீண்டு கோப்பையை ஏந்தும். அந்தக் கையில் ஒரு நெல்லிக்கனியை வைத்தேன். தகடூர் அதியமான் ஔவைக்குக் கொடுத்த கனி, புறநானூறு 91ஆம் பாட்டில் இருப்பது. ஃபூல் கார்டுக்குத் தெருக்கூத்துக் கட்டியங்காரனைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. திரைக்கு முன்னால் முதலில் வந்து உளறுபவன், ராஜாவையே கிண்டல் செய்கிற ஒரே ஆள்.

ஸ்ட்ரெங்த் கார்டில் மட்டும் ஒரு தடுமாற்றம் உண்டு. அதில் ஒரு பெண் சிங்கத்தின் வாயை மென்மையாக மூடுகிறாள். நம் இரண்டு மாவட்டத்திலும் நடுகற்கள் ஏராளம், புலியோடு மோதி மாண்ட வீரனின் கல்லும் உண்டு. தர்மபுரி அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்திலும் போய் நடுகற்களைப் பார்க்கலாம். உடனே புலிக்குத்திக் கல்லைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் கல்லில் இருப்பவன் புலியைக் குத்துகிறான், கார்டில் இருப்பவள் அடக்குகிறாள். குத்தும் வீரனைப் போட்டால் கார்டின் உயிரே போய்விடும். நான் நடுகல்லின் தட்டையான வெட்டையும் புலியின் வாலையும் மட்டும் எடுத்துக்கொண்டு, புலியின் வாயில் ஒரு பெண்ணின் கையை வைக்கிறேன். வீரனே வேண்டும் என்றால் வீரனையே போடுங்கள், அப்போது அதை டாரட் என்று சொல்ல வேண்டியதில்லை.

"சாமி படத்தை டாரட் கார்டா மாத்தலாமா?"

மாற்றலாம், இரண்டு நிபந்தனை. இடுப்புக்குக் கீழே வேண்டாம். டெவில், டவர், டெத் மூன்றிலும் சாமியை வைக்க வேண்டாம். உங்களுக்கு அது கலை, கோயில் வாசலில் நிற்பவருக்கு வம்பு. கிறிஸ்தவ, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். லேவியராகமம் 19:28 உடம்பில் குத்திக்கொள்வதை விலக்குகிறது, இஸ்லாமிய மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோரும் நிரந்தரப் பச்சையை விலக்குகிறார்கள். அதை வீட்டில் பேசிவிட்டு வாருங்கள். நடுவில் நான் வர முடியாது.

"பேரும் நம்பரும் தமிழ்ல போடலாமா?"

தாராளமாக. கார்டின் தலையில் ரோமன் எண் இருக்கும் இடத்தில் தமிழ் எண் போட்டால் பார்வைக்கே தனி. 17க்குப் பழைய முறையில் ௰௭. எழுத்து என்றால் சுழி இருக்கிற ண, ன எல்லாம் சிறிதாகப் போட்டால் அடைத்துக்கொள்ளும், முன்பு சொன்ன அதே காரணம். ஒற்று விட்டுப்போயிருக்கிறதா என்று ஸ்டென்சிலிலேயே இரண்டு பேர் படித்துப் பாருங்கள். அதில் ஒருவராவது பள்ளிக்கூடத்தில் தமிழில் நல்ல மார்க் எடுத்தவராக இருக்கட்டும்.

"ஆர்மி செலக்‌ஷனுக்கு ஓடிட்டிருக்கேன். போட்டா பிரச்சினையா?"

பிரச்சினைதான். நம் பக்கம் பட்டாளத்துக்குப் போகிற பிள்ளைகள் அதிகம் என்பதால் தெளிவாகச் சொல்கிறேன். ராணுவத்தில் நிரந்தர டாட்டூ அனுமதிக்கப்படுவது முன்கையின் உள்பக்கம், அதாவது முழங்கை உள்மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை, அப்புறம் புறங்கை. உடம்பின் வேறு இடத்தில் இருந்தால் கழித்துவிடுவார்கள். பழங்குடியினருக்குத் தனி விதி. சி.ஆர்.பி.எஃப், பி.எஸ்.எஃப் போன்ற மத்தியப் படைகளில் இன்னும் கெடுபிடி: சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உள்பக்கம் அல்லது புறங்கை, அந்த உறுப்பில் கால் பங்குக்கும் குறைவான அளவு, அதுவும் மதச் சின்னம், சாமி உருவம், பெயர் போன்றவை. டாரட் எலும்புக்கூடு அதில் எங்கே சேரும்? வேலை கிடைக்கும்வரை கையைச் சும்மா வையுங்கள். எந்தத் தேர்வானாலும் அந்த வருடத்து அறிவிப்பில் டாட்டூ பத்தியைப் படித்துவிட்டு வாருங்கள்.

"என் பிறந்த தேதிக்கு எந்தக் கார்டு? அதையே போட்டுக்கறேன்"

பிறந்த தேதியைக் கூட்டிக் கார்டு கண்டுபிடிக்கும் முறை ஒன்று உலவுகிறது. 14-8-2001 என்று வைத்துக்கொள்வோம். இலக்கங்களைத் தனித்தனியாகக் கூட்டினால் 16, அது டவர், இடி விழுந்து கோபுரம் சரியும் கார்டு. 14, 8, 2001 மூன்றையும் எண்ணாகவே கூட்டினால் 2023, அதன் இலக்கங்களைக் கூட்டினால் 7, அது சாரியட், வெற்றித் தேர். எந்த வழியில் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே ஆளுக்கு இடியும் கிடைக்கிறது, தேரும் கிடைக்கிறது.

கண்ணை மூடி ஒரு கார்டை இழுத்து, வந்ததைப் போடுகிறேன் என்பவர்களும் உண்டு. காசு வகையின் ஐந்து வந்தால் என்ன செய்வீர்கள்? பனியில் நொண்டிக்கொண்டு போகும் இரண்டு ஏழைகள். 78ஐயும் பரப்பி வைத்து, எந்தப் படத்தின் முன் கண் நிற்கிறதோ அதை எடுங்கள். பொருளை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

"லவ்வர்ஸ் கார்டைப் பாதி பாதியா ரெண்டு பேர் கையில போடலாமா?"

கல்யாணம் ஆனவர்களா என்று நான் கேட்பதில்லை. பாதிப் படம் தனியாக நின்றாலும் முழுதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் பார்ப்பேன். அதற்கு லவ்வர்ஸைவிட, ஒருவருக்குச் சன், ஒருவருக்கு மூன் நல்லது. என்ன நடந்தாலும் சூரியன் சூரியனாக இருக்கும். லவ்வர்ஸ் கார்டில் ஆதாமும் ஏவாளும் உடையில்லாமல் நிற்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள், பொங்கலுக்கு மாமியார் வீட்டுக்குப் போக வேண்டும்.

"படம் என்னைப் பார்த்து இருக்கணுமா, எதிர்ல இருக்கறவங்களைப் பார்த்தா?"

டாரட்டில் கார்டு தலைகீழாக விழுந்தால் பொருள் மாறும் என்பார்கள், அதனால்தான் இந்தச் சந்தேகம் மற்ற டாட்டூக்களைவிட இதில் பெரிதாகிறது. தொழில்காரர்களின் வழக்கம்: கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது எதிரில் இருப்பவருக்கு நேராகத் தெரிய வேண்டும். நீங்கள் கையை மடக்கிப் பார்த்தால் உங்களுக்குத் தலைகீழ். "எனக்குத்தானே போடறேன், எனக்கு நேரா வேணும்" என்றால் ஊரில் எல்லோரும் சூரியனைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். ஹேங்டு மேனைத் திருப்பிப் போட்டால் அவன் ஒற்றைக் காலில் நடனமாடுவான்.

நான் வழக்கத்தின் பக்கம். சண்டைக்கு வருகிறவர்களுக்கு இருபக்கமும் பொருந்தும் படத்தைக் காட்டுவேன்: எட்டு முனை நட்சத்திரம், வீல் ஆஃப் ஃபார்ச்சூனின் சக்கரம்.

"விலை எப்படி? ரொம்ப வலிக்குமா?"

பெரும்பாலான கடைகளில் சதுர அங்குலக் கணக்கு. ஓர் அங்குலம் 500 ரூபாய் என்று வைத்தால், 3க்கு 5 அங்குலக் கார்டு 15 சதுர அங்குலம், 7,500 ரூபாய். புதிதாக வரைந்தால் அதற்குத் தனி. பேரம் பேசலாம், ஆனால் ஊசியில் பேரம் பேசாதீர்கள். வலி: முன்கை, மேல்கை தாங்கும். விலா எலும்பு, மணிக்கட்டு உள்பக்கம், கணுக்கால் என்றால் கண்ணில் தண்ணீர் வரும். வெறும் வயிற்றோடு வராதீர்கள்.

"ஊசி புதுசுதான்னு எப்படி நம்பறது? திருவிழாவுல கம்மியா போடறாங்களே"

உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு ஊசியும் தனித்தனி ஒட்டிய உறையில் வரும், மேலே காலாவதித் தேதி இருக்கும், வாங்கிப் படியுங்கள். மை பாட்டிலிலிருந்து குட்டிக் கிண்ணத்தில் ஊற்றி, மிச்சத்தைக் கொட்ட வேண்டும். கையுறை போட்ட கையால் செல்போனைத் தொட்டால் கையுறையை மாற்றச் சொல்லுங்கள். மிஷினும் ஒயரும் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்க வேண்டும்.

திருவிழாவில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து போடும் இடத்தில் ஓர் ஊசி, ஒரு மைக்கிண்ணம், வரிசையாகப் பத்துப் பேர். ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் ரத்தத்தின் வழியாகப் பரவுபவை. ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு, ஹெபடைடிஸ் சி-க்கு இல்லை. இதற்கு மேல் நான் பயமுறுத்த வேண்டாம்.

"குத்தின அடுத்த நாள் ஒகேனக்கல் போறோம், பரவாயில்லையா?"

பரவாயில்லை, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். குளிக்கக் கூடாது, எண்ணெய் மசாஜும் கூடாது. இரண்டு மூன்று வாரத்துக்கு அது ஆறாத புண், ஆற்றுத் தண்ணீரும் அணைத் தண்ணீரும் அதற்கு ஆகாது. நாளுக்கு இரண்டு முறை வாசனையில்லாத சோப்பில் மெதுவாகக் கழுவி, ஒற்றி எடுத்து, கடைக்காரர் சொன்ன களிம்பை மெல்லிசாகத் தடவுங்கள். பொருக்கை உரிக்காதீர்கள், உரித்த இடத்தில் மையும் கூட வந்துவிடும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், விபூதி எதுவும் வேண்டாம்.

வேலையையும் பார்த்துத் தேதி குறியுங்கள். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் வேலை செய்பவர் சீசனில் போடக் கூடாது, காம்பு உடைத்ததும் பீய்ச்சும் மாம்பால் நல்ல தோலையே பொத்துவிடும். கிரானைட் தூசி, மாட்டுக்கொட்டகை, மருந்தடிக்கும் தோட்டம் மூன்றும் அப்படியே. தை, மாசியில் போட்டால் வெயிலும் தணிவு, வியர்வையும் குறைவு.

"சுகர் இருக்கு, போடலாமா? ரத்தம் கொடுக்கலாமா?"

சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடலாம், காலில் மட்டும் வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும். கர்ப்பமாக இருந்தால் தள்ளிப்போடுங்கள். பழைய காயத்தழும்பு புடைத்து வளர்ந்த தோல் என்றால் மார்பிலும் தோளிலும் போடாதீர்கள், கோடு கோடாகப் புடைத்துவிடும். ரத்ததானம் 12 மாதம் கழித்து.

"பிடிக்கலன்னா லேசர்ல எடுத்துடலாம்ல?"

எடுக்கலாம், ஆனால் அழிப்பானில் அழிப்பது மாதிரி நினைக்காதீர்கள். லேசர் மையைத் துகளாக உடைக்கும், உடம்பு மெதுவாகக் கொண்டுபோகும். ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை எனப் பல அமர்வு, செலவு போட்டதைவிடப் பல மடங்கு. கறுப்பு மை ஓரளவு நன்றாகப் போகும், பச்சையும் மஞ்சளும் அடம்பிடிக்கும். நம் நிறத்தோலில் அந்த இடம் வெளுத்துப்போகவும் வாய்ப்புண்டு, அதனால் அழகு நிலையத்தில் செய்யாமல் தோல் மருத்துவரிடம் போங்கள்.

எல்லோருக்கும் முழுவதும் அழிக்கத் தேவைப்படாது. மேலே வேறு படம் போட்டு மறைக்க நினைத்தால், இரண்டு மூன்று அமர்வில் கொஞ்சம் மங்க வைத்தாலே போதும். டாரட்டில் இதற்கு வசதியானவை மூனும் டவரும், இரண்டிலும் இருட்டு நிறைய. முன்னாள் காதலியின் பெயர் மூன் கார்டின் மலைக்குள் போய்விடும். வருகிறபோது பழைய டாட்டூவைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து அளவோடு அனுப்புங்கள். நேரில் வருமுன் வரைந்து வைத்துவிடுவேன்.